அடித்தால் படிப்பு ஏறுமா? மூளை போடும் கணக்கே வேறு

2024 அக்டோபர். திருநெல்வேலியில் ஒரு தனியார் நீட் பயிற்சி மையத்தின் சிசிடிவி காட்சிகள் வெளியே வந்தன. வகுப்பில் தூங்கிய மாணவர்களைப் பிரம்பால் அடிப்பதும், ஒரு மாணவி மீது செருப்பை எறிவதும் அதில் பதிவாகியிருந்தன. போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. மாநில மனித உரிமை ஆணையமும் தானாகவே முன்வந்து விசாரணையில் இறங்கியது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "இது என்ன கொடுமை?" என்கிற குரல். இன்னொன்று, "அடிச்சாத்தாம்ல படிப்பான், நாங்கல்லாம் அடி வாங்கித்தானே ஆளானோம்" என்கிற குரல். முதல் குரல் சட்டத்தின் பக்கம் நிற்கிறது. இரண்டாவது குரல் அனுபவத்தின் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது.

சட்டத்தில் பெரிய குழப்பம் இல்லை. பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையைத் தமிழ்நாடு 2003-லேயே கல்வி விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு, உடல் தண்டனை, மனரீதியான துன்புறுத்தல் இரண்டையும் தடை செய்கிறது. ஆனாலும் பிரம்பு போகவில்லை. காரணம், அதை எடுப்பவர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் என்பதல்ல. "அடி வேலை செய்கிறது" என்று அவர்களில் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை சரியா, தப்பா? பரிசிலிருந்தும் தண்டனையிலிருந்தும் மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டால் பதில் கிடைக்கும்.

மூளை எதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது?

நெல்லைக்கு முதல்முறை வரும் ஒருவர், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. இலையில் வைத்துக் கொடுத்த சூடான அல்வா வாயில் போனதும் ஆள் அசந்துவிடுகிறார். அந்த நொடியில் அவருடைய நடுமூளையில் உள்ள டோபமைன் நரம்பணுக்கள் சடசடவெனத் துடிக்கின்றன.

பத்தாவது முறை வரும்போது அல்வா அதே அல்வாதான். ஆனால் அந்தத் துடிப்பு இப்போது வாயில் போடும்போது வருவதில்லை. தூரத்தில் கடை வரிசையைப் பார்க்கும்போதே வந்துவிடுகிறது. ஒருநாள் மதியமே போய் நிற்கிறார், கடை திறக்கவில்லை. மாலையில்தான் திறக்கும் கடை அது. கிடைக்கும் என்று நினைத்தது கிடைக்காத அந்தத் தருணத்தில், டோபமைன் அணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்குகிறது.

அல்வா கதை புரிவதற்காகச் சொன்னது. இதை ஆய்வகத்தில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துக் கண்டறிந்தவர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். 1997-ல் பீட்டர் தயான், ரீட் மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, மூளை ஆய்வின் போக்கையே மாற்றியது. அதுவரை டோபமைன் என்றால் 'இன்பத்தின் ரசாயனம்' என்று சொல்லிவந்தார்கள். ஷுல்ட்ஸ் குழு காட்டியது வேறு. டோபமைன் சொல்வது இன்பத்தை அல்ல, வித்தியாசத்தை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே இருக்கும் இடைவெளியை. இதற்கு 'எதிர்பார்ப்புப் பிழை' என்று பெயர்.

எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால் "இப்போ செஞ்சதைத் திரும்பச் செய்" என்று சிக்னல். மோசமாக நடந்தால் "இதைக் குறைச்சுக்கோ" என்று சிக்னல். எதிர்பார்த்தபடியே நடந்தால் சிக்னலே இல்லை, புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கணினிக்குக் கற்றுக்கொடுக்க ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் 1980-களில் உருவாக்கிய கணக்கும் இதேதான். அந்தப் பணிக்காக இருவருக்கும் 2024-ம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. இன்றைய ஏஐ பயிற்சியில் பயன்படும் கணக்கும், பத்தாம் வகுப்புப் பையனின் மூளையில் ஓடும் கணக்கும் ஒரே குடும்பம்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூளைக்குத் தேவை தகவல். வலியோ சந்தோஷமோ அந்தத் தகவலைச் சுமந்துவரும் வண்டி மட்டும்தான். வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே சரக்கு இல்லையென்றால் கற்றல் இல்லை.

தண்டனைக்கு வேறு ரூட்

பரிசும் தண்டனையும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள் என்று பலரும் நினைக்கிறார்கள். மூளைக்குள் அவை முழுக்க ஒரே பாதையில் போவதில்லை. எதிர்பார்த்த பரிசு வராதபோதும் தண்டனை வரும்போதும் ஹாபெனுலா என்கிற சிறிய பகுதி விழித்துக்கொண்டு டோபமைன் அணுக்களை அமுக்குகிறது. பயத்தைப் பதிவு செய்யும் அமிக்டலாவும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு நல்ல சாட்சி பார்க்கின்சன் நோயாளிகள். டோபமைன் அணுக்கள் அழிவதால் வரும் நோய் அது. 2004-ல் மைக்கேல் ஃபிராங்க் குழு அவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தது. இரண்டு குறியீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும், சரியா தப்பா என்று திரை சொல்லும். மருந்து எடுக்காத நிலையில், தப்பானதைத் தவிர்க்க அவர்கள் நன்றாகக் கற்றார்கள். டோபமைனைக் கூட்டும் மருந்து எடுத்த பிறகு நிலைமை தலைகீழானது. சரியானதைத் தேடிப்பிடிக்க நன்றாகக் கற்றார்கள், தப்பிலிருந்து கற்பது மங்கிவிட்டது. அதே மனிதர்தான், டோபமைன் அளவு மாறியதும் கற்கும் விதமே மாறுகிறது.

இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. பரிசு என்றால் மூளை "போய் எடு" என்கிறது. தண்டனை என்றால் "அசையாதே" என்கிறது. லண்டனில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், பரிசுக்காகப் பட்டனை அழுத்தவும், தண்டனையைத் தவிர்க்க அழுத்தாமல் இருக்கவும் மனிதர்கள் சுலபமாகக் கற்றார்கள். தண்டனையைத் தவிர்க்க அழுத்தவேண்டும் என்றபோது திணறினார்கள்.

சூடான தோசைக்கல்லில் கைவைத்த குழந்தை மறுபடி வைக்காது. அங்கே தண்டனை பிரமாதமாக வேலை செய்கிறது. ஏனென்றால் அங்கே கற்கவேண்டிய பாடமே 'செய்யாதே' என்பதுதான். ஆனால் இயற்பியலில் ஒரு கணக்கை எடுத்து, யோசித்து, தப்பாகப் போட்டு, திருத்தி மறுபடி போடுவது 'செய்' வகைப் பாடம். அதைப் பிரம்பால் கற்பிப்பது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓடவில்லை என்று சொல்வது மாதிரி.

அடி வாங்கிய மாணவன் என்ன கற்கிறான்?

கற்கிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆசிரியர் நினைக்கும் பாடத்தை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மாக் டெஸ்ட். புதன்கிழமை மார்க் வருகிறது. குறைந்த மார்க்குக்குப் பத்து அடி. இப்போது அந்த மூளை ஒரு புதிரை விடுவிக்கவேண்டும்: இந்த அடிக்குக் காரணமான செயல் எது? 180 கேள்விகளில் எந்தக் கேள்வியில், எந்த வரியில், எந்த ஃபார்முலாவில் தப்பு? அடியில் அந்தத் தகவல் இல்லை. மூன்று நாள் இடைவெளியும் வந்துவிட்டது. ஆகவே மூளை அந்த நேரத்தில் கண்முன்னே இருப்பதோடு வலியை முடிச்சுப் போடுகிறது. ஆசிரியரின் முகம், அந்த வகுப்பறை, அந்தப் பாடப்புத்தகம். "எனக்கு ஃபிசிக்ஸ் வராது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லும் பலர் உண்மையில் கற்ற பாடம் அதுதான்.

அடுத்தது தப்பிக்கும் வழிகள். விடைத்தாளை ஒளித்துவைப்பது, அப்பா கையெழுத்தைத் தானே போடுவது, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது, வயிற்றுவலி என்று லீவு போடுவது. இவை எல்லாமே அடியை உடனடியாக நிறுத்துகின்றன. மூளையின் பார்வையில் இவைதான் வெற்றிபெற்ற உத்திகள். தண்டனை இவற்றைத்தான் வளர்த்துவிடுகிறது.

பயத்தில் இருக்கும்போது யோசிக்கும் திறனும் குறைகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் ஒரு கணக்கின் மூன்று படிகளை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கிறது. கட்டுப்படுத்த முடியாத மன அழுத்தத்தில் அந்தப் பகுதியின் செயல்பாடு தளர்ந்துபோவதை ஏமி ஆர்ன்ஸ்டன் உள்ளிட்டோர் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். போர்டுக்கு முன்னால் பிரம்போடு ஆசிரியர் நிற்க, தெரிந்த விடையும் மறந்துபோகும் அனுபவத்துக்குக் காரணம் இதுதான்.

தூங்கியதற்காக அடிப்பது இன்னும் முரண். பகலில் படித்தது நீடித்த நினைவாக உறைவது தூக்கத்தில்தான். பதின்பருவத்தில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. இரவு தூக்கம் தாமதமாக வரும், காலையில் எழுவது கடினம். இது சோம்பேறித்தனம் அல்ல, வளர்ச்சியின் ஒரு பகுதி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து விடியலில் பஸ் ஏறி வரும் பிள்ளை மதிய வகுப்பில் கண் அசந்தால், அந்த மூளை கேட்பது தண்டனையை அல்ல, படித்ததைச் சேமித்துக்கொள்ள நேரத்தை.

வயதும் ஒரு விஷயம். 2016-ல் ஸ்டெஃபனோ பால்மின்டெரி குழு 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்டது. பரிசிலிருந்து கற்பதில் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். தண்டனையைத் தவிர்க்கக் கற்பதில்தான் பெரியவர்களுக்குப் பின்தங்கினார்கள். அதாவது எந்த வயதில் பிரம்பு அதிகமாகப் பேசுகிறதோ, அந்த வயதில்தான் மூளை அதன் பேச்சைக் குறைவாகக் கேட்கிறது.

அப்புறம் ஏன் 'அடிச்சா மார்க் ஏறுது'?

இதுதான் சுவாரஸ்யமான கேள்வி. பல வருட அனுபவம் உள்ள ஆசிரியர் ஒருவர், "கண்ணால பாத்திருக்கேன் சார், அடிச்ச அடுத்த டெஸ்ட்ல மார்க் ஏறியிருக்கு. பாராட்டினா அடுத்த டெஸ்ட்ல இறங்கிருது" என்று சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை.

பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானெமன், இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்களிடம் இதே வாதத்தைக் கேட்டார். பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார்கள் என்றார் ஒருவர். கானெமனுக்குப் பொறி தட்டியது. இது பாராட்டின் விளைவும் அல்ல, திட்டின் விளைவும் அல்ல. எண்களின் இயல்பு.

ஒரு மாணவியின் நிலையான தரம் 720-க்கு 450 மார்க் என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள், தூக்கம், அதிர்ஷ்டம் பொறுத்து ஒவ்வொரு டெஸ்டிலும் மேலே கீழே போகும். ஒருநாள் 390. அடி விழுகிறது. அடுத்த டெஸ்ட் பெரும்பாலும் 450-ஐ ஒட்டித்தான் வரும், அடித்தாலும் அடிக்காவிட்டாலும். இன்னொரு நாள் 510. பாராட்டு. அடுத்த டெஸ்டும் 450-ஐ ஒட்டித்தான் வரும். ஆசிரியரின் கண்ணுக்கு அடி ஏற்றியது, பாராட்டு இறக்கியது. புள்ளியியலில் இதற்குச் 'சராசரியை நோக்கித் திரும்புதல்' என்று பெயர்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பிரம்பை எடுத்த அடுத்த நொடி வகுப்பு நிசப்தம். அடித்தவரின் மூளைக்கு அது உடனடிப் பரிசு. எதிர்பார்த்ததைவிட நல்ல விளைவு, டோபமைன் துடிப்பு, "இதைத் திரும்பச் செய்" என்கிற சிக்னல். ஆக, அந்த வகுப்பறையில் மிக வேகமாகப் பயிற்சி பெறுவது மாணவர் அல்ல, ஆசிரியர். பிரம்பு அவரைப் பழக்குகிறது.

இதைப் புரிந்துகொண்டால் ஆசிரியரை வில்லனாக்கவேண்டிய அவசியம் இல்லை. அறுபது, எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், ரிசல்ட் காட்டச் சொல்லும் நிர்வாகத்துக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவரின் மூளை, தனக்குக் கிடைக்கும் ஃபீட்பேக்கிலிருந்து தப்பான பாடத்தைச் சரியாகக் கற்றிருக்கிறது. மாற்றவேண்டியது அந்த ஃபீட்பேக்கை.

மைனஸ் மார்க் பயம்

தண்டனையில் வளர்ந்த மூளை நீட் தேர்வு அறையில் என்ன செய்யும் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். நீட்டில் 180 கேள்விகள். சரிக்கு 4 மார்க், தப்புக்கு மைனஸ் 1. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால்கூட, சராசரியாக ஒரு கேள்விக்குக் கால் மார்க் லாபம். ஒரு விடையை உறுதியாகத் தப்பு என்று கழித்துவிட்டால் சராசரி லாபம் 0.67. இரண்டைக் கழித்தால் 1.5. கணக்கு "எழுது" என்கிறது.

ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் அடி வாங்கிப் பழகிய மூளை கணக்குப் போடாது, உறையும். இரண்டு விடைக்கு நடுவே சந்தேகம் வந்தால் "வேண்டாம், மைனஸ் ஆகிரும்" என்று விட்டுவிடும். ஒரு தப்பு என்பது ஒரு மார்க் நஷ்டம் என்கிற அளவில் அல்ல, அவமானம் என்கிற அளவில் அதற்குள் பதிந்திருக்கிறது. பிரம்பை ஏந்தியவர்கள் எந்த மார்க்குக்காக அதை ஏந்தினார்களோ, அந்த மார்க்கே அங்கே கைநழுவுகிறது.

மலைமேல் இருந்து ஒரு பாடம்

தண்டனையின் எல்லையைப் புரிந்துகொள்ளத் தாமிரபரணி பிறக்கும் மலைத்தொடரையே பார்க்கலாம். கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றுவந்த ஆண் யானைதான் அரிசிக்கொம்பன். அந்தப் பெயரே அதற்குக் கிடைத்த பரிசின் பெயர். மக்கள் விரட்டினார்கள், கூச்சல் போட்டார்கள். யானை மறுபடி மறுபடி வந்தது. சத்தம் ஒரு தொந்தரவு, அரிசி ஒரு உறுதி.

2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் தேனி மாவட்டம் கம்பம் ஊருக்குள் நுழைந்தது. ஜூன் 5-ல் தமிழ்நாடு வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் கோதையாறு மேல்பகுதியில் விட்டது. கழுத்தில் ரேடியோ காலர். அதே ஆண்டு செப்டம்பரில் மாஞ்சோலை தேயிலைத் தோட்டப் பக்கம் ஒருமுறை தலைகாட்டி, ஊரைக் கதிகலங்க வைத்தது. விரட்டலும் மயக்க ஊசியும் இரண்டு மாநிலங்களின் பலமும் அரிசியின் நினைவை அழிக்கவில்லை. விலங்கின் மூளையில் ஒருமுறை எழுதியதை அழிப்பது கடினம். மேலே புதிய பாடம் ஒன்றை எழுதத்தான் முடியும். உடைத்தால் அரிசி கிடைக்கும் கடைகள் இல்லாத, தின்பதற்குப் புல்லும் தண்ணீரும் நிறைய உள்ள இடம்தான் அந்தப் புதிய பாடம்.

வனத்துறைக்கு இது தெரியும். வீட்டு வாசலில் அரிசியைத் தேக்கி வைக்காதீர்கள், குப்பையைத் திறந்து போடாதீர்கள் என்று மலையோர மக்களிடம் சொல்வதன் அர்த்தம் இதுதான். நடத்தையை மாற்ற, முதலில் அதற்குக் கிடைக்கும் பரிசைப் பார். யானைக்குப் புரிந்த இந்த நியாயத்தைப் பிள்ளைகளுக்குத் தர ஏன் தயக்கம்?

'நாங்கல்லாம் அடி வாங்கித்தானே...'

இந்த வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. பாளையங்கோட்டைக்குத் 'தென்னாட்டின் ஆக்ஸ்ஃபோர்டு' என்று பெயர் வாங்கிக்கொடுத்த தலைமுறைகள் பிரம்பைப் பார்த்தவைதான். அதற்கும் முந்தைய திண்ணைப் பள்ளிகளில் 'கோதண்டம்' என்று பையனைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனைகூட இருந்தது.

ஆனால் திண்ணைப் பள்ளியில் வேறு சில விஷயங்களும் இருந்தன. மணலில் விரலால் எழுதுவார்கள். தப்பினால் அந்த நொடியே அழித்துத் திருப்பி எழுதுவார்கள். எண்சுவடியை உரக்கச் சொல்வார்கள். தடுக்கினால் பக்கத்தில் இருக்கும் சட்டாம்பிள்ளை அங்கேயே திருத்துவான். ஒரு தப்புக்கும் அதன் திருத்தத்துக்கும் நடுவே இரண்டு நொடிதான் இடைவெளி. மூளை கேட்பது சரியாக இதைத்தான். அந்தப் பள்ளிகளில் கற்பித்தது மணலும் சட்டாம்பிள்ளையும். பெயரைத் தட்டிக்கொண்டு போனது கோதண்டம்.

மேலும், அடி வாங்கி ஆளானவர்கள்தான் இன்று மேடையில் பேசுகிறார்கள். அடி வாங்கிப் பள்ளியை விட்டு ஓடிப்போனவர்களுக்கு மேடை இல்லை. அவர்களையும் எண்ணினால்தான் கணக்கு முழுமையாகும்.

அப்போ பாராட்டிக்கிட்டே இருக்கணுமா?

அதுவும் வேலைக்கு ஆகாது. எழுதியதற்கெல்லாம் "சூப்பர், வெரிகுட்" என்றால், அந்தப் பாராட்டு எதிர்பார்த்த ஒன்றாகிவிடுகிறது. எதிர்பார்த்தது வந்தால் பிழை பூஜ்யம், கற்றல் பூஜ்யம். அல்வா தினமும் கிடைத்தால் அது வெறும் டிபன்தான்.

1996-ல் குளுகரும் டெனிசியும் ஃபீட்பேக் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரியாக ஃபீட்பேக் பலன் தந்தது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதை நோக்கித் திரும்பும்போது ஃபீட்பேக் பலம் இழக்கிறது என்பது அவர்களின் விளக்கம். "நீ முட்டாள்" என்பதும் "நீ ஜீனியஸ்" என்பதும் அந்த வகையில் ஒரே ஜாதி. இரண்டும் ஆளைப் பற்றிப் பேசுகின்றன, கணக்கைப் பற்றிப் பேசவில்லை.

தோல்வியிலிருந்து கற்பது தானாக நடப்பதும் இல்லை. 2019-ல் எஸ்கிரைஸ்-விங்க்லர், ஃபிஷ்பாக் இருவரும் இரண்டே விடைகள் உள்ள கேள்விகளைக் கொடுத்தார்கள். "சரி" என்றாலும் "தப்பு" என்றாலும் சரியான விடை எது என்பது தெரிந்துவிடும். இருந்தும் "தப்பு" என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றார்கள். அடி ஒன்றும் இல்லை, வெறும் சொல். அதற்கே மனம் காதைப் பொத்திக்கொள்கிறது.

எது வேலை செய்யும்?

குறுக்குத்துறைப் படித்துறையில் தம்பிக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் அண்ணனிடம் விடை இருக்கிறது. வயிற்றுக்கடியில் கை கொடுத்துப் பிடித்திருப்பான். காலை அடிக்காவிட்டால் உடம்பு அமிழும், அடித்தால் மிதக்கும். தண்ணீர் அந்த நொடியே பதில் சொல்லிவிடும், அவமானப்படுத்தாமல். முழுகாமல் இருக்க அண்ணன் கை இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் பையன் அடுத்த தப்பைச் செய்து பார்க்கிறான்.

இதையே வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். முதலாவது, உடனே: டெஸ்ட் முடிந்த அன்றே விடைகளை அலசுவது, மூன்று நாள் கழித்து மார்க் வாசிப்பதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. இரண்டாவது, குறிப்பாக: "கவனம் போதாது" என்பது தகவல் அல்ல, "மூன்றாவது வரியில் அலகை மாற்ற மறந்திருக்கே" என்பது தகவல். மூன்றாவது, தப்புக்குப் பாதுகாப்பு: எந்தக் கேள்வியைத் தப்பாகப் போட்டோம், ஏன் என்று மாணவர் தானே எழுதும் நோட்டுக்கு மார்க் கொடுத்தால், ஒளிப்பதற்கு இருந்த பரிசு வெளிப்படையாகச் சொல்வதற்கு மாறிவிடும். நான்காவது, கண்டிப்பு இருக்கலாம். வகுப்பைக் குலைக்கும் நடத்தைக்கு முன்கூட்டியே சொன்ன, சிறிய, தவறாமல் நிகழும் விளைவு இருக்கலாம். ஆனால் தெரியாததற்குத் தண்டனை கூடாது. தெரியாமல் இருப்பது குற்றமல்ல. அதற்காகத்தானே வகுப்புக்கே வருகிறார்கள்.

ஐடி கம்பெனியிலோ வங்கியிலோ வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் இது அந்நியமான கதை இல்லை. ஏப்ரலில் செய்த வேலைக்கு அடுத்த மார்ச்சில் வரும் அப்ரைசல், மூளையின் மொழியில் புதன்கிழமை விழும் பிரம்படிதான். எந்தச் செயலுக்கு என்றே தெரியாமல் வரும் ஒரு ரேட்டிங். டீமில் யாரும் பிழையை வாய்விட்டுச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றால், பிழை சொன்னவருக்கு அங்கே என்ன கிடைத்தது என்று மேனேஜர் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

யார் மாறவேண்டும்?

மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பதிவு கட்டாயம், 16 வயதுக்குக் கீழ் சேர்க்கக்கூடாது, மனநல ஆலோசனை வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நெறிகள் காகிதத்தில் இருப்பது போதாது. பள்ளிக்கு இருக்கும் தடை, பள்ளிக்கு எதிரே மாடியில் இயங்கும் கோச்சிங் சென்டருக்கும் அதே அளவில் நடைமுறையில் வரவேண்டும். பிள்ளை அதேதான், மூளை அதேதான். கட்டடம் மாறினால் பாதுகாப்பு மாறுவதில் அர்த்தம் இல்லை. சிசிடிவி கசிந்தால்தான் ஆய்வு என்கிற நிலையும் மாறவேண்டும். மாவட்ட நிர்வாகம் வழக்கமான ஆய்வில் மாணவர்களிடம் தனியாகக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இங்கே தப்பா விடை சொன்னா என்ன ஆகும்?" என்பதுதான்.

பெற்றோரிடமும் ஒரு பொறுப்பு இருக்கிறது. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று பிள்ளையைக் கொண்டுவிடும் பழக்கம் பாசத்தில் வருவதுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் ஆசிரியருக்கு அனுமதியையும் பிள்ளைக்குத் தனிமையையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுகிறது. அடி விழுந்தால் வீட்டில் சொல்ல முடியாது என்று அந்தப் பிள்ளை அன்றே கற்றுக்கொள்கிறது. அதற்குப் பதில் ஃபீஸ் கட்டும்போது கேட்கவேண்டியது வேறு: டெஸ்ட் பேப்பரை எத்தனை நாளில் திருத்தித் தருவீர்கள்? தப்பான விடைகளை உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்?

மூளை எப்போதும் கற்றுக்கொண்டேதான் இருக்கிறது, அதை நிறுத்த முடியாது. பிரம்புக்கு முன்னாலும் கற்கும், பொறுமையாகத் திருத்தும் ஒருவருக்கு முன்னாலும் கற்கும். முதலாவதில் கற்பது எப்படி மாட்டிக்கொள்ளாமல் இருப்பது என்பதை. இரண்டாவதில் கற்பது பாடத்தை. எதற்காக ஃபீஸ் கட்டுகிறோம் என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்யவேண்டும்.